ஆடியில் வந்த சுதந்திரம்

அருப்புக்கோட்டையில் நைட்டி தைத்துப் பிழைப்பவள் நான். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். காலையில் பால் வாங்கப் போவது முதல் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்குக் காத்து நிற்பது வரை எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் நைட்டியில்தான் இருக்கிறார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் கடைத்தெருவுக்கே போய்வரலாம். சேலையைச் சுற்றிக்கொண்டு இந்த ஊர் வெயிலில் அடுப்படியில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அந்த நைட்டி என்னைப் பசிபிக் கடல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஜவுளிக்கடை உண்டு. என் வீட்டுக்காரரின் அண்ணன் அதை நடத்துகிறார். நான் அவரைப் பெரியத்தான் என்பேன். என் வீட்டுக்காரர் அதே கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிறார். கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனில் மிஷின்களைப் போட்டு, சில பெண்களை வைத்து நான் நைட்டி தைத்தேன். தைத்தேன் என்றுதான் சொல்ல முடியும், நடத்தினேன் என்று சொல்ல முடியாது. மிஷின்களில் ஒன்று நான் கொண்டுவந்த சீர், மற்றவை நான் சீட்டுப் போட்டு வாங்கியவை. ஆனால் எந்தத் துணி, கழுத்து வட்டமா சதுரமா, கையில் லேஸ் உண்டா இல்லையா, எல்லாம் பெரியத்தான் முடிவு.

அதையும் அவர் என்னிடம் சொல்ல மாட்டார். தம்பி பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர். நான் பக்கத்திலேயே நிற்பேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஏலே, இந்த வாரம் கழுத்து வட்டமாவே இருக்கட்டும்னு சொல்லு" என்பார். இவர் என் பக்கம் திரும்பி, "வட்டமாவே இருக்கட்டுமாம்" என்பார். எனக்கு என்ன காது கேட்காதா? முதல் வருஷம் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. அப்புறம் அதுவும் பழகிப்போய், இவர் திரும்பிச் சொன்னால்தான் எனக்கே உறைக்கும் என்றாகிவிட்டது.

பெரியத்தானைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். என் பிரசவத்தின்போது மதுரை ஆஸ்பத்திரி வாசலில் சோறு தண்ணி இல்லாமல் நின்றவர் அவர். என் அப்பா இறந்தபோது எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து எல்லாக் காரியத்தையும் பார்த்தவர். கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ ஒரு சண்டையைப் போட்டுப் பிரிந்திருப்பேன். நல்லவரிடம் எதைச் சொல்லிப் பிரிவது?

ஆனாலும் எனக்கு ஆசை இருந்தது. மிஷின்களைத் தூக்கிக்கொண்டு திருச்சுழி ரோட்டில் ஒரு இடம் பிடித்து, என் இஷ்டத்துக்குத் துணி எடுத்து, நானே நடத்த வேண்டும். போன வருஷம் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி அண்ணனிடம் கொண்டுபோனார். பெரியத்தான் கோபப்படவில்லை. 

"வெளி ஆர்டர் ஒண்ண அவளே பிடிக்கட்டும். ஒரு குத்தம் குறை இல்லாம முடிச்சுக் குடுக்கட்டும். அதுக்கப்புறம் தனியாப் போறதப் பத்திப் பேசுவோம்னு சொல்லு."

நான் தலையாட்டிவிட்டேன். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

எங்கள் தையல் பெண்களில் மூத்தவர் ஒரு அக்கா. வேதக்காரக் குடும்பம், சர்ச்சுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் மிஷினைத் தொட மாட்டார். அவர் மகள் மதுரையில் காலேஜில் படிக்கிறாள். ஜூன் மாத லீவுக்கு வந்தவள் தன்னோடு படிக்கும் பிள்ளை ஒருத்தியையும் கூட்டிவந்தாள். வெளிநாட்டுப் பிள்ளை என்று அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டதால் நாங்கள் எல்லோரும் வெள்ளைக்காரியை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தவள் எங்களைவிட நல்ல கறுப்பு. சுருட்டை முடி, பெரிய சிரிப்பு. "சாப்பிட்டாச்சா?" என்று எங்களை அவள்தான் முதலில் கேட்டாள். குடோனே கைதட்டியது.

எந்த ஊர் என்று கேட்டோம். வனுவாட்டு என்றாள். "வன்னி... என்னத்தா சொன்ன?" என்று ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிப் பார்த்தோம். போனை எடுத்து மேப்பைக் காட்டினாள். நீலம், நீலம், நீலம். இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போனாள், இன்னும் நீலம். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கொஞ்சம் புள்ளிகள் தெரிந்தன. அதுதான் அவர்கள் நாடாம். "ஆத்தாடி, தூங்கும்போது உருண்டா கடல்லல்ல விழுவாக!" என்றாள் எங்களில் ஒருத்தி. அக்கா மகள் அதை இங்கிலீஷில் சொல்ல, அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தண்ணீர்க் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும் எங்களுக்குச் சுற்றிலும் தண்ணீர் என்பதே பெரிய அதிசயம். குடிக்க உதவாது, நாங்களும் மழைத் தண்ணீரைத்தான் பிடித்து வைப்போம் என்று அவள் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் பொறாமை அடங்கியது.

அப்புறம் பையிலிருந்து ஒரு உடுப்பை எடுத்து விரித்தாள். நெஞ்சுக்கு மேல் சுருக்கம் வைத்து, புசுபுசுவென்று கை வைத்து, கழுத்திலும் கையிலும் லேஸ் அடித்து, உடம்பைத் தொடாமல் தொளதொளவென்று கெண்டைக்கால் வரை இறங்கும் பூப்போட்ட பருத்தி உடுப்பு.

"அட, இது நம்ம நைட்டில்ல!" என்றார் அக்கா.

அதுதான் அவர்கள் நாட்டுப் பெண்களின் முக்கியமான உடுப்பாம். கோயிலுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான், ஆபீசுக்கும் அதுதான். ஜூலைக் கடைசியில் அவர்களுக்குச் சுதந்திர தினம். பக்கத்துப் பட்டணங்களில் படிக்கும் அவர்கள் நாட்டுப் பெண்கள் எல்லோரும் அன்றைக்கு ஒன்றுகூடி, ஒரே துணியில் ஒரே மாதிரி உடுப்புப் போட்டு ஆடப்போகிறார்களாம். தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். முடியுமாவா! நைட்டி தைக்கிறவளிடம் நைட்டியைக் காட்டி முடியுமா என்று கேட்டால் என்ன சொல்வது? என் வெளி ஆர்டர் தானாகவே குடோனுக்குள் நடந்து வந்துவிட்டது என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

போகிற போக்கில் அவள் ஒன்று கேட்டாள். உங்களுக்கும் சுதந்திர தினம் உண்டே, அதற்கு நீங்கள் என்ன உடுத்துவீர்கள்?

நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். தீபாவளிக்குப் புதுத்துணி உண்டு. பொங்கலுக்கு உண்டு. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊரே எங்கள் கடையில் வந்து நிற்கும். ஈஸ்டருக்கு அக்கா வீட்டில் எடுப்பார்கள். சுதந்திர தினத்துக்குப் புதுத்துணி எடுத்த ஒரு ஆளை, ஜவுளிக்கடை வீட்டில் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றுவார்கள், பிள்ளைகள் மிட்டாயோடு வரும், அதோடு சரி. "என்ன இருக்கோ அதை உடுத்துவோம்" என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. அங்கே ஒரு வாரத்துக்குமேல் திருவிழாவாம். மாசக்கணக்கில் துணி பார்த்து வைப்பார்களாம். அன்று ராத்திரி எனக்கு அந்தக் கேள்வியே சுற்றிச் சுற்றி வந்தது. முதலில் வியாபாரக் கணக்காகத்தான் வந்தது, ஒரு சீசனையே விட்டுவிட்டோமே என்று. அப்புறம் வேறு மாதிரியும் வந்தது.

மாதிரி உடுப்பைக் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளைகள் மதுரைக்குப் போய்விட்டார்கள். பரீட்சை. நாங்கள் தைக்க உட்கார்ந்தோம். செம்பருத்திப் பூப் போட்ட சிவப்புத் துணியை அவளே எடுத்துக் கொடுத்திருந்தாள். வெட்டுவது, சுருக்கம் வைப்பது, லேஸ் அடிப்பது எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஒரே ஒரு இடத்தில்தான் அக்கா மிஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

அந்த மாதிரி உடுப்பில் இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டுத் துணி தொங்கியது. மேலே மட்டும் தைத்து, ஓரத்தில் லேஸ் வைத்து, கீழே அப்படியே விட்டிருந்தது. காற்றடித்தால் காது மாதிரி ஆடியது.

"இது என்னத்துக்குன்னு தெரியலையே" என்றார் அக்கா. திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டென்று அவர் முகம் தெளிந்துவிட்டது. "பாக்கெட்டு! தைக்காம விட்ருக்காக பாருங்க. பாவம், அவசரத்துல குடுத்துவிட்ருப்பாக."

எங்கள் ஊர் நைட்டியில் பாக்கெட் இல்லாவிட்டால் ஒருத்தியும் தொட மாட்டாள். போன், வீட்டுச் சாவி, சில்லறை, மாத்திரை எல்லாம் அதற்குள்தான். பாக்கெட்டைக் கடைசியில்தான் வைத்து அடிப்போம். அவசரத்தில் அதுதான் விட்டுப்போகும். எங்களுக்கே எத்தனையோ தரம் விட்டுப்போயிருக்கிறது. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காமலே ஒரு நல்லது செய்து, "பாக்கெட்டும் தச்சிட்டீங்களா!" என்று அந்தப் பிள்ளை வாயைப் பிளப்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எல்லா உடுப்பிலும் அந்தத் துண்டுகளைப் படிய வைத்து, மூன்று பக்கமும் அழுத்தமாக இரட்டைத் தையல் போட்டோம். மாதிரிக்குத் தந்த உடுப்பையும் விடவில்லை. அதிலும் அடித்துக் கொடுத்தார் அக்கா, இலவசமாக.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் இரண்டு பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். வெளியே ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கடையில் ஆடித் தள்ளுபடிக்கு மூட்டை எடுக்க வந்த பெரியத்தானும் என் வீட்டுக்காரரும் குடோனில்தான் நின்றார்கள். எனக்கு அதில் சந்தோஷம். பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளை ஒரு உடுப்பை எடுத்து விரித்தாள். லேஸைத் தடவிப் பார்த்தாள், சிரித்தாள். அப்புறம் பக்கவாட்டில் கையைக் கொண்டுபோனவள் நின்றுவிட்டாள். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டாள், எடுத்தாள். இன்னொரு உடுப்பைப் பார்த்தாள். தன் சொந்த உடுப்பையும் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண்ணில் இல்லை. மெதுவாக அக்கா மகளிடம் ஏதோ கேட்டாள்.

"ஏன் மூடிட்டீங்கன்னு கேக்குறா" என்றாள் அவள்.

நான் பாக்கெட்டைப் பற்றி விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். இது பாக்கெட் இல்லை, தொங்குவதற்காகவே வைப்பது என்றாள்.

"தொங்கி என்ன பிரயோஜனம்?" என்றேன்.

ஒரு பிரயோஜனமும் இல்லை என்றாள். ஆடும்போது அதுவும் சேர்ந்து பறக்கும், அவ்வளவுதான்.

பெரியத்தான் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "கேக்காமக் கொள்ளாம செஞ்சா இப்படித்தான். குத்தம் குறை இல்லாமன்னு சொன்னேன்ல" என்றார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஒண்ணும் திருப்பிச் சொல்ல வேணாம், எனக்குக் கேட்டுச்சு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் பாவம், அவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். என் தனிக்கடை என் கண்ணெதிரிலேயே இடிந்து விழுந்த மாதிரி இருந்தது. அழுகை வந்தது. அழ நேரமில்லை, சாயங்கால பஸ்ஸுக்கு அவர்கள் போக வேண்டும்.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தோம். இரட்டைத் தையலைப் பிரிப்பது இருக்கிறதே, அது போட்ட கைக்கே சாபம். அந்தத் தீவுப் பிள்ளையும் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பிளேடை வாங்கிக்கொண்டாள். கோபமாக இருக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். இல்லை. பிரித்துக்கொண்டே கதை சொன்னாள். அக்கா மகள் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இந்த உடுப்பே அவர்களுடையது இல்லையாம். முன்பு வெள்ளைக்காரப் பாதிரிமாரும் அவர்கள் வீட்டு அம்மாக்களும் கப்பலில் வந்தபோது, அங்கிருந்த பெண்களைப் பார்த்து, உடம்பை மூடுங்கள் என்று மாட்டிவிட்டதாம். அக்கா கொஞ்சம் நெளிந்தார். "அவுக நல்லதுக்குத்தான செஞ்சிருப்பாக" என்றார். ஆமாம், நல்லதுக்குத்தான் என்றாள் அவள். கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் என் கை நின்றுவிட்டது. என் மடியில் நான் கேட்காமல் செய்த நல்லது கிடந்தது. இரண்டு பக்கமும் இரட்டைத் தையலோடு.

"வெள்ளைக்காரன்னா இங்கிலீஷ்காரனா?" என்று ஒருத்தி கேட்டாள்.

இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் ஆண்டார்களாம். ஒருத்தன் போய் அடுத்தவன் வந்ததில்லை, இரண்டு பேரும் சேர்ந்தே! எங்களால் நம்ப முடியவில்லை. இரண்டு போலீஸ், இரண்டு சட்டம், இரண்டு ஜெயில், இரண்டு ஆஸ்பத்திரி. இரண்டு கொடியும் ஒரே உயரத்தில் பறக்க வேண்டும், ஒன்று இம்மி தாழ்ந்தாலும் சண்டை.

"எந்த ஜெயில்ல சாப்பாடு நல்லாருக்கும்?" என்று அக்கா கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவள் எங்களைவிடப் பலமாகச் சிரித்தாள். அவர்கள் ஊரிலும் எல்லோரும் அதைத்தான் கேட்பார்களாம். பிரெஞ்சு ஜெயிலில்தான் நல்ல சாப்பாடு என்று பேச்சாம்.

எனக்கு ஒரு சந்தேகம். "அப்ப உங்க ஆளுக எந்த நாட்டுக்காரங்க? இங்கிலீஷா, பிரெஞ்சா?"

அவள் பிளேடை வைத்துவிட்டாள். இரண்டும் இல்லை என்றாள். அங்கே இருக்கும் இங்கிலீஷ்காரன் இங்கிலாந்துக்காரன், பிரெஞ்சுக்காரன் பிரான்ஸ்காரன். அந்த மண்ணிலேயே பிறந்த அவள் அப்பா மட்டும் எந்த நாட்டுக்காரரும் இல்லை. வாலிபத்தில் அவர் படிக்க வெளியே போனபோது, நீ எந்த நாடு என்று கேட்டால் சொல்வதற்கு அவருக்குப் பதில் கிடையாதாம். நான் இன்ன தீவில் இருந்து வருகிறேன் என்றுதான் சொல்வாராம். சுதந்திரம் வந்த பிறகுதான் முதல்முதலாக ஒரு பெயரைச் சொன்னாராம். அவள் அப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. இன்றைக்கும் யாராவது எந்த நாடு என்று கேட்டால் தேவைக்குமேல் சத்தமாகச் சொல்வாராம். அதைச் சொல்லும்போது அவள் தன் அப்பா மாதிரியே நெஞ்சை நிமிர்த்திக் காட்டினாள்.

"கேட்ட உடனே குடுத்துட்டாகளா?" என்றேன்.

எங்கே கொடுத்தார்கள்? நீங்கள் இன்னும் தயாராகவில்லை, கொஞ்ச வருஷம் போகட்டும், பழகுங்கள், அப்புறம் பார்ப்போம் என்று சொன்னவர்கள் நிறையப் பேராம். அவள் அப்பா இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுவாராம். தயாராகிவிட்டோமா என்று பார்ப்பது யார், அவர்கள்தானே? அப்படியென்றால் எந்த வருஷம் தயாராக முடியும்?

எனக்குச் சுருக்கென்றது. குனிந்து நூலைப் பிடுங்கினேன்.

கடைசியாக ஒன்று மட்டும் கேட்டேன், அது உண்மையாகவே எனக்குப் புரியவில்லை. அவர்கள் மாட்டிவிட்ட உடுப்பென்றால், அவர்கள் போனதும் தூக்கி எறிந்திருக்கலாமே? அதையே போட்டுக்கொண்டு சுதந்திர தினம் கொண்டாடுகிறீர்களே?

எறிந்திருக்கலாம் என்றாள். வைத்துக்கொண்டோம். யாரும் சொல்லி இல்லை, எங்களுக்கே பிடித்து. கொஞ்சம் யோசித்துவிட்டு, எல்லாம் தீர்ந்துவிடவில்லை என்றும் சொன்னாள். இப்போது பெண்கள் பேண்ட் போட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்களே திட்டுகிறார்கள், இந்த உடுப்பைப் போடு என்கிறார்கள். அவர்களோடும் சண்டை நடக்கிறது. "அப்பாவோட?" என்று கேட்டேன். அப்பாவோடுதான் முதலில் என்று சிரித்தாள்.

மூன்று மணி வாக்கில் பிரித்து முடித்தோம். ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரிந்தன. தண்ணீர் தெளித்து, துணியைக் கோணலாக இழுத்து இழுத்துத் தேய்த்ததில் பெரும்பாலும் மறைந்தன. அவள் ஒன்றைத் தன் சுடிதாருக்கு மேலேயே மாட்டிக்கொண்டு குடோன் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்த இரண்டு துண்டுகளும் எழும்பிப் பறந்தன. "அடியாத்தி, அழகுதான்!" என்றார் அக்கா. பஸ் ஏறும்போது அவள் என் கையைப் பிடித்து, "போய்ட்டு வாரேன்" என்று தமிழில் சொன்னாள்.

அவர்கள் சுதந்திர தினம் முடிந்த மறுநாள் போனில் ஒரு வீடியோ வந்தது. சிவப்புச் செம்பருத்தி உடுப்பில் பெண்கள் எல்லோரும் ஆடினார்கள். யாருடைய துணியிலும் துளை தெரியவில்லை. நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதற்கடுத்த நாள் யாரிடமும் சொல்லாமல் திருச்சுழி ரோட்டில் ஒரு ஷெட்டைப் பேசி முடித்தேன். என் வீட்டுக்காரரிடம் மட்டும் ராத்திரி சொன்னேன். "அண்ணன்கிட்ட நான்தான் சொல்லணுமா?" என்றார். "வேண்டாம், நானே சொல்லிக்கிறேன்" என்றேன். அதைவிடப் பெரிய அதிர்ச்சியை நான் அவருக்குக் கொடுத்ததில்லை.

காலையில் கடை திறப்பதற்கு முன்னால் குடோன் வழியாகப் போனேன், என் வீட்டுக்காரரும் பின்னால் வந்தார். பெரியத்தான் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஏலே, தப்பு நடந்தாலும் சரிபண்ணிக் குடுத்துட்டா. அதுக்குக் குறை சொல்லல. ஆனா இன்னும் பக்குவம் வரல. ஒரு வருஷம் இங்கயே இருந்து பழகட்டும், அப்புறம் பாப்போம்னு சொல்லு. அதோட, ஆடியில யாராவது தனியாப் போவாகளா?"

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்தார்.

"பெரியத்தான்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவரப் பாத்துச் சொல்ல வேணாம். நான் இங்கதான் நிக்கிறேன். நான் உங்ககிட்ட கேக்க வரல. சொல்லிட்டுப் போக வந்தேன். திருச்சுழி ரோட்டுல இடம் பாத்துட்டேன். இந்த வாரமே மிஷினைத் தூக்குறேன்."

அவர் கையில் பூ அப்படியே நின்றது.

"ஆடின்னு சொன்னீங்க. நம்ம நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது எந்த மாசம்? ஆகஸ்டு பதினஞ்சு ஆடிதான். அந்தப் பிள்ள நாட்டுக்கு வந்ததும் ஆடிதான். ஆவணி பொறக்கட்டும்னு எவரும் உக்காந்திருக்கல."

பெரியத்தான் என்ன செய்தார் தெரியுமா? சுவரில் தொங்கிய நாள்காட்டியிடம் போனார். தாள்களை ஒவ்வொன்றாக விரலால் தூக்கி ஆகஸ்டு பதினைந்துக்குப் போய், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஆடிதான் போட்டிருக்கு" என்றார், தனக்குத்தானே. இத்தனை வயதில் அதை ஒரு தரம்கூடக் கவனித்ததில்லை போலிருந்தது. பிறகு தம்பியிடம், "உனக்குத் தெரியுமாலே?" என்றார்.

"தெரியும்ணே" என்றார் என் வீட்டுக்காரர். இன்னும் தரையைத்தான் பார்த்தார். ஆனாலும் சொன்னார்.

அப்போதுதான் பெரியத்தான் என்னைப் பார்த்தார். நேராக, என் முகத்தை. "மோசம் போயிட்டா என்ன பண்ணுவ?" என்று என்னிடம் கேட்டார். கோபம் இல்லை அதில். பயம்தான் இருந்தது, எனக்காகப் பயம். எனக்கும் அதே பயம்தான்.

"போனா என் கையால போறேன், பெரியத்தான்" என்றேன்.

அவர் பூவைச் சாமி படத்தில் வைத்துவிட்டு ஷட்டரைத் தூக்கப் போனார்.

ஆடி மாதத்திலேயே நல்ல நேரம் எதுவும் பார்க்காமல் குட்டி யானை வண்டியில் மிஷின்களை ஏற்றிக்கொண்டு போனோம். ஷெட்டில் அக்கா ஜெபம் பண்ணினார், நான் சூடம் கொளுத்தினேன். எங்கும் ஒரே புழுதி. முதல் நாள் முழுக்கக் கூட்டினோம்.

இரண்டாம் நாள் காலையில் துணி ஏஜெண்டு வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பெரியத்தானுக்கு வருஷக்கணக்காகத் துணி போடுகிறவர். தடிமனான மாதிரித் துணிப் புத்தகத்தை மேசையில் வைத்தார். பழக்க தோஷத்தில், "என்ன கலருமா போடச் சொன்னாக?" என்று கேட்டார்.

நான் சட்டென்று இடது பக்கம் திரும்பினேன். என் வீட்டுக்காரர் எப்போதும் நிற்கிற பக்கம். வெறும் சுவர்தான் இருந்தது.

"யாரும் சொல்லலண்ணே. நான்தான் சொல்லணும்" என்றேன்.

"சரி, சொல்லுங்க."

எத்தனை வருஷம், எத்தனை ஆயிரம் நைட்டி! எந்த நிறம் ஓடும் என்று எனக்குத் தெரியும். பெரியத்தானுக்கு எது பிடிக்கும் என்று தெரியும். எனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏஜெண்டு மணியைப் பார்த்தார். மிஷின்கள் ஓடாமல் நின்றன; பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் உக்காருங்கண்ணே, நேரமாகும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். புத்தகத்தை என் பக்கம் திருப்பி, முதல் தாளிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.